காஞ்சிபுரம் நெசவாளர் வீடுகளில் கான்கிரீட் தளச் செப்பனிடல்

கான்கிரீட் தளச் செப்பனிடல் என்பது, ஏற்கெனவே உள்ள கான்கிரீட் தளத்தின் மீது தரையோடு, கல், வினைல், மரப்பலகை முதலிய புதிய தரைப்பொருள்களைப் பதிப்பதற்கு முன்னர், அத்தளத்தை ஆராய்ந்து, தூய்மையாக்கி, பழுதுகளை நீக்கி, மட்டப்படுத்தும் கட்டுமானப் பணியாகும். புதிய தரை எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது மேலே தெரியும் ஓடு அன்று. அதன் கீழே மறைந்துவிடும் தளமே ஆகும்.

தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் நகரில் இப்பணி சில தனித்தன்மைகளைக் கொண்டுள்ளது. இங்குள்ள பட்டு நெசவாளர் வீடுகள் பலவற்றில் கூடத்தின் தரையே தொழிற்கூடமாகவும் உள்ளது. தரையில் தோண்டப்பட்ட குழியில் காலை வைத்து இயக்கும் குழித்தறி, நிலத்திலிருந்து ஏறும் ஈரம், காரப் பொருள்களால் கெடக்கூடிய பட்டு இழை, தறி நின்றால் நின்றுபோகும் கூலி ஆகிய நான்கும் பணியின் முறையையும் கால அளவையும் கட்டுப்படுத்துகின்றன. இக்கட்டுரை காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணியை விளக்குகிறது.

பின்னணி

காஞ்சிபுரம், சென்னையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 72 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றின் துணையாறான வேகவதி ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. 2021ஆம் ஆண்டில் இந்நகர் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. கோயில்களுக்கும் பட்டுப்புடவைகளுக்கும் பெயர் பெற்ற இந்நகரில், பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகள் நெசவாளர் குடியிருப்புகளாக அறியப்படுகின்றன.

பழைய நெசவாளர் வீடு பொதுவாகத் தெருவை நோக்கிய திண்ணையையும், அதன் பின் நீண்ட கூடத்தையும் கொண்டிருக்கும். கூடத்தில் தறி அமைந்திருக்கும். குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் உள்ள மிதிபலகைகளைக் காலால் இயக்குவார். தறியின் கால்கள் தரையில் ஊன்றப்பட்டிருக்கும். நெய்த துணியைச் சுற்றும் படமரத்தின் உயரம், நெசவாளர் அமரும் தரையின் உயரத்தைக் கொண்டே அமைக்கப்படுகிறது. ஆகையால் தரை மட்டத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் நெசவாளரின் இடுப்பு, தோள், முழங்கால் ஆகியவற்றின் நிலையை மாற்றிவிடும்.

இவ்வீடுகளின் தரை காலந்தோறும் மாறி வந்துள்ளது. சாணம் மெழுகிய மண்தரை, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த தரை, சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்ட் தரை, மொசைக் தரை, கடப்பைக் கல் தரை ஆகியவை இவற்றுள் சில. இந்தியாவில் போர்ட்லண்ட் சிமெண்ட் செய்யும் தொடக்க முயற்சி 1904ஆம் ஆண்டில் சென்னையிலேயே மேற்கொள்ளப்பட்டது எனினும், சாதாரண வீடுகளின் தரைக்குச் சிமெண்ட் கான்கிரீட் பரவலாக வந்தது மிகவும் பிற்பட்ட காலத்தில்தான். எனவே ஒரே வீட்டில், திண்ணையில் சுண்ணாம்புத் தளமும் கூடத்தில் கான்கிரீட் தளமும் அடுக்களையில் இரண்டின் கலவையும் இருப்பது இயல்பு.

தளம் பழுதடையும் காரணங்கள்

நிலத்தின் ஈரம்: கான்கிரீட் திண்மையாகத் தோன்றினாலும் அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உள்ளன. திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல இத்துளைகள் நிலத்து நீரை மேலே இழுக்கின்றன. இது நுண்புழை ஏற்றம் எனப்படும். பழைய வீடுகளின் தளத்துக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பாலித்தீன் தாள் பெரும்பாலும் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நிலத்தடி நீர் உயரும்போது இந்த ஈரம் மிகும். தறிக்குழிகளில் நீர் ஊறி நெசவு நின்றுபோவதும் இக்காலத்தில்தான்.

உப்புப் பூத்தல்: மேலேறும் நீர், மண்ணிலும் செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியானதும் உப்பு வெள்ளைப் பொடியாகப் படிகிறது. பரப்புக்குச் சற்றுக் கீழே உப்பு படிகமானால், அது விரிந்து மேற்பூச்சைப் பெயர்த்துவிடும்.

மண் அமிழ்தல்: தளத்தின் கீழ் நிரப்பப்பட்ட மண் நன்கு இடிக்கப்படாவிட்டால், காலப்போக்கில் அது அமிழ்ந்து தளம் ஆதரவின்றித் தொங்கும். பழைய தறிக்குழிகளை மூடிய இடங்களில் இது அதிகம் காணப்படுகிறது.

தளத்தின் மேல் தளம்: தெருச்சாலை மீண்டும் மீண்டும் உயர்த்திப் போடப்படும்போது வீட்டின் தரை தெருவை விடத் தாழ்ந்துவிடுகிறது. மழைநீர் உள்ளே வராமலிருக்க மக்கள் பழைய தரையின் மீதே இன்னொரு தளத்தை இடுகின்றனர். பழைய பரப்பின் மெழுகும் அழுக்கும் நீக்கப்படாததால் இரண்டு அடுக்குகளும் ஒட்டாமல் பிரிகின்றன. புதிய சாலை அமைப்பதற்கு முன் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியதற்கு, வீடுகள் இவ்வாறு தாழ்ந்து போவதும் ஒரு காரணமாகும்.

தளத்தை ஆராய்தல்

செப்பனிடத் தொடங்குமுன் பின்வரும் ஆய்வுகள் செய்யப்படுகின்றன.

1. அடுக்குகளை அறிதல்: கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் சிறு துளையிட்டு, தளத்தில் எத்தனை அடுக்குகள் உள்ளன, அவை சுண்ணாம்பா சிமெண்டா, அடியில் மணலா களிமண்ணா என்று பார்க்க வேண்டும். சுண்ணாம்புத் தளத்தைக் கான்கிரீட் என்று எண்ணி வலிய சிமெண்ட் அடுக்கை மேலே இட்டால், வலிய அடுக்கு சுருங்கும்போது வலுவற்ற கீழடுக்கைப் பெயர்த்துக்கொண்டு எழும்பும்.

2. தட்டிப் பார்த்தல்: சிறு சுத்தியலாலோ இரும்புக் கம்பியாலோ ஓர் அடிக்கு ஓர் இடமாகத் தட்ட வேண்டும். கணீரென்ற ஒலி நல்ல தளத்தையும், பொத்தென்ற வெற்றொலி பிரிந்த அடுக்கையும் காட்டும். வெற்றொலி எழும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் குறித்துக்கொள்வர்.

3. மட்டம் பார்த்தல்: நீர் நிரப்பிய மட்டக்குழாயால் அறையின் நான்கு மூலைகளிலும் மட்டம் குறிக்கப்படுகிறது. பின்னர் 3 மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தைத் தளத்தின் மீது பல திசைகளில் வைத்து, அதன் கீழ் உள்ள இடைவெளி அளக்கப்படுகிறது. தளம் கிடைமட்டமாக இருப்பது வேறு, மேடுபள்ளமின்றி இருப்பது வேறு. சரிவான தளமும் மேடுபள்ளமின்றி இருக்கலாம்.

4. வெடிப்பைக் கண்காணித்தல்: வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டிச் சில வாரங்கள் விட்டு வைப்பது பழைய முறை. கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் அசைகிறது என்பது பொருள். வெடிப்பின் ஒரு பக்கம் மற்றதை விடத் தாழ்ந்திருந்தால் கீழே மண் அமிழ்ந்துள்ளது என்று கொள்ள வேண்டும்.

5. ஈரச் சோதனை: ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளைத் தளத்தின் மீது விரித்து, நான்கு விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் அடைத்து, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளின் உட்புறம் நீர்த்துளி படிந்தாலோ தளம் கருத்தாலோ ஈரம் ஏறுகிறது. இச்சோதனை எளியது, ஆயினும் துளி படியாததால் மட்டும் தளம் உலர்ந்தது என்று உறுதி கூற இயலாது. மேலும் நுட்பமான முறையில், தளத்தில் துளையிட்டு உணர்கருவி பொருத்தி உள்ளேயுள்ள ஒப்பு ஈரப்பதம் அளக்கப்படுகிறது. ஒரு பக்கம் மட்டும் உலரும் தளத்தில் அதன் தடிப்பின் 40 விழுக்காட்டு ஆழத்தில் இந்த அளவு எடுக்கப்படும். நிலத்தின் மீது அமைந்த தளம் இவ்வகையைச் சேர்ந்தது.

சோதனை செய்யும் பருவமும் முதன்மையானது. மே மாத வெயிலில் உலர்ந்ததாகத் தோன்றும் தளம் நவம்பரில் ஈரமாக இருக்கலாம். ஆகவே மழை ஓய்ந்த டிசம்பர் இறுதியிலோ சனவரியிலோ சோதித்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலத்தில் பணியைச் செய்வது காஞ்சிபுரத்தின் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும்.

தறிக்குழி

குழியை மூடுதல்: நெசவைக் கைவிட்ட வீடுகளிலும், குழி தேவைப்படாத சட்டத்தறிக்கு மாறிய வீடுகளிலும் குழி மூடப்படுகிறது. கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டி, மேலே சாந்து பூசி ஓடு பதிப்பது வழக்கமான தவறாகும். ஓரிரு மழைக்காலங்களுக்குள் உள்ளிருக்கும் நிரப்பு அமிழ்ந்து, தறி இருந்த இடத்தின் வடிவிலேயே தரை வெடித்துவிடும். முறையான வழி பின்வருமாறு:

1. குழியிலுள்ள மரத்துண்டு, கயிறு, சாக்கு போன்றவை முழுமையாக அகற்றப்பட வேண்டும். இவை மக்குவதால் வெற்றிடம் உண்டாவதுடன் கறையானையும் ஈர்க்கும்.
2. குழியின் அடியும் சுவரும் பூசப்பட்டிருந்தால் அடிப்பூச்சைப் பல இடங்களில் உடைத்துவிட வேண்டும். இல்லையெனில் மூடிய குழி ஒரு தொட்டிபோல் நீரைத் தேக்கி வைக்கும்.
3. மணலையோ கிராவல் மண்ணையோ 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்து இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். களிமண் நனைந்தால் உப்பி, உலர்ந்தால் சுருங்குவதால் நிரப்புவதற்கு ஏற்றதன்று.
4. நிரப்பின் மீது தடித்த பாலித்தீன் தாளை விரித்து, ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தடிப்பில் கம்பி வலையுடன் கான்கிரீட் இட வேண்டும். குழியைச் சுற்றிலும் பழைய தளத்தை ஓரளவு வெட்டி எடுத்து, புதிய கான்கிரீட்டின் விளிம்பு குழிக்கு வெளியேயுள்ள கெட்டியான நிலத்தின் மீது அமருமாறு செய்தால், உள்நிரப்பு சற்று அமிழ்ந்தாலும் தளம் தாங்கும்.
5. பழைய தளமும் புதிய கான்கிரீட்டும் சேரும் கோட்டில் வெடிப்பு தோன்றும் வாய்ப்பு அதிகம். அக்கோட்டின் மேலேயே ஓட்டின் இணைப்பும் வருமாறு அமைத்து, அதனை நெகிழும் பொருளால் நிரப்புவது நல்லது.

குழியை வைத்துக்கொள்ளுதல்: நெசவு தொடரும் வீட்டில் சுற்றியுள்ள தரை மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது. புதிய தரை எத்தனை சென்டிமீட்டர் உயரும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். சாந்துப் படுகையின் மீது ஓடு பதித்தால் தரை 5 சென்டிமீட்டருக்கும் மேல் உயரக்கூடும். பசைக்கலவையில் பதித்தால் உயர்வு ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டருக்குள் அடங்கும். நெசவாளரின் இருக்கைக்கும் படமரத்துக்கும் மிதிபலகைக்கும் இடையிலுள்ள உறவு கெடாமலிருக்க இரண்டாவது முறையே ஏற்றது. குழியின் வாய் விளிம்பு நாள்தோறும் உரசப்படுவதால், அங்கு ஓட்டின் வெட்டு முனை வெளியே தெரியாதபடி விளிம்பு மழுக்கிய கடப்பைக் கல்லோ கருங்கல்லோ பதிக்கப்படுகிறது.

மேற்பரப்பை ஆயத்தம் செய்தல்

புதிய சாந்தோ பசையோ ஒட்டுவது தளத்தின் மேற்பரப்போடுதான். அங்கு தூசு, எண்ணெய், மெழுகு, வண்ணப்பூச்சு ஆகியவை இருந்தால் பசை அவற்றோடு ஒட்டுமேயன்றித் தளத்தோடு ஒட்டாது. பலகாலம் மெழுகித் துடைத்த சிவப்பு ஆக்சைடு தரை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் பளபளப்பே ஒட்டுதலுக்குத் தடையாகும்.

கான்கிரீட் இட்டபோது மேலே மிதந்து வந்து உறைந்த சிமெண்ட் பால் படலமும் நீக்கப்பட வேண்டும். ஆணியால் கீறினால் பொடியாக உதிரும் பரப்பு வலுவற்றது. உளியால் கொத்துதல், வைரத்தகடு பொருத்திய இயந்திரத்தால் தேய்த்தல் ஆகியவை வழக்கமான முறைகள். நெருக்கமாகக் கொத்துவது சொரசொரப்பைத் தரும். ஆனால் பெரிய சம்மட்டியால் அடித்தால் நல்ல தளத்திலும் நுண்வெடிப்புகள் உண்டாகும். அமிலம் ஊற்றிக் கழுவுவது சில இடங்களில் வழக்கத்தில் உள்ளது. அமிலத்தின் எச்சம் தளத்தில் தங்கி ஒட்டுதலைக் கெடுக்கும். அதன் ஆவி தறியின் இரும்புப் பகுதிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகையால் நெசவாளர் வீடுகளுக்கு இது ஏற்றதன்று.

தேய்த்த பின் தூசியை உறிஞ்சுகருவியாலோ நீராலோ அகற்ற வேண்டும். சில துளி நீரைத் தெளித்துப் பார்ப்பது எளிய சோதனை: நீர் முத்துகளாக நின்றால் மெழுகோ எண்ணெயோ எஞ்சியுள்ளது, உறிஞ்சப்பட்டால் பரப்பு ஆயத்தமாக உள்ளது.

வெடிப்புகளும் பள்ளங்களும்

அசைவற்ற மெல்லிய வெடிப்புகள் சுருக்கத்தால் தோன்றியவை. இவற்றை உளியாலோ வெட்டு இயந்திரத்தாலோ சற்று அகலப்படுத்தி, தூசு நீக்கி, எபாக்சியோ பாலிமர் கலந்த சாந்தோ கொண்டு நிரப்பலாம். அசையும் வெடிப்பைக் கெட்டியான பொருளால் நிரப்பினால் அதன் அருகிலேயே புதிய வெடிப்பு உண்டாகும். அதனை நெகிழும் பொருளால் அடைத்து, மேலுள்ள தரையிலும் அதே கோட்டில் இணைப்பு விட வேண்டும். மண் அமிழ்ந்ததால் வந்த வெடிப்புக்கு மேற்பூச்சு தீர்வாகாது. அப்பகுதியை உடைத்தெடுத்து அடிமண்ணைக் கெட்டிப்படுத்திய பின்னரே மீண்டும் கான்கிரீட் இட வேண்டும்.

பள்ளங்களையும் பெயர்ந்த இடங்களையும் செப்பனிடும்போது பின்வருவன கவனிக்கப்படுகின்றன:

- வெற்றொலி எழும் பகுதி முழுவதையும், நல்ல கான்கிரீட் தென்படும் வரை வெட்டியெடுக்க வேண்டும்.
- விளிம்புகளை நேராக வெட்ட வேண்டும். விளிம்பில் தாள்போல் மெலிந்து முடியும் ஒட்டு விரைவில் உதிரும்.
- இடத்தை முன்னதாகவே நனைத்து, சாந்து இடும்போது நீர் தேங்காமல் உள்ளே மட்டும் ஈரமாக இருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உலர்ந்த கான்கிரீட் புதிய சாந்தின் நீரை உறிஞ்சி அதனை வலுவிழக்கச் செய்யும்.
- பாலிமர் கலந்த சிமெண்ட் பாலைத் தூரிகையால் தேய்த்து, அது காயுமுன்பே சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். காய்ந்துவிட்ட சிமெண்ட் பால் ஒட்டுதலுக்கு உதவாது. மாறாக அதனைத் தடுக்கும்.
- மிகவும் ஆழமான பள்ளத்துக்குச் சாந்துக்கு மாறாகச் சிறு ஜல்லி கலந்த கான்கிரீட் பயன்படுத்தப்படுகிறது. சாந்து கூடுதலாகச் சுருங்கும்.

கலவைக்கு உப்புக் கரிக்கும் கிணற்று நீரைத் தவிர்க்க வேண்டும். இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 456 கம்பியற்ற கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடின் அளவை லிட்டருக்கு 2000 மில்லிகிராம் என்றும், கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு 500 மில்லிகிராம் என்றும் வரையறுத்துள்ளது.

ஈரத்தடுப்பு

ஈரமுள்ள தளத்தின் மீது எபாக்சி போன்ற ஈரத்தடுப்புப் பூச்சு இடப்படுகிறது. தளத்தை உடைத்து மீண்டும் அமைக்கும் நிலையில், கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் தாளை ஓரங்கள் மேவுமாறு விரிப்பதே நிலையான தீர்வாகும்.

இங்கு ஓர் உண்மையை மறக்கலாகாது. ஈரத்தடுப்பு ஈரத்தை அழிப்பதில்லை. அதன் வழியை மாற்றுகிறது. பழைய சுண்ணாம்புத் தரையின் வழியாக ஈரம் மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேறும். அதன் மீது நீர் புகாத ஓட்டைப் பதித்தவுடன் அந்த வழி அடைபட்டு, ஈரம் ஓரச் சுவர்களில் ஏறுகிறது. அல்லது தறிக்குழியின் சுவர் வழியாகக் கசிகிறது. தரை புதுப்பித்த மறு ஆண்டில் சுவரின் அடியில் வண்ணப்பூச்சு உரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். எனவே கொல்லைப்புறத்தில் தேங்கும் நீரை வடியச் செய்தல், கூரை நீரைச் சுவரடியில் விழாமல் திருப்புதல், குழியின் உட்புறத்துக்கும் ஈரத்தடுப்புப் பூச்சு இடுதல் ஆகியவை தரைப்பணியின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

மட்டப்படுத்துதல்

தரையோடு பதிப்பதற்கான அமெரிக்கத் தரநிர்ணயத்தின்படி, ஓட்டின் பக்கம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் 3 மீட்டர் நீளத்தில் 6 மில்லிமீட்டர் வரையிலும், அதற்கு மேற்பட்ட பெரிய ஓடுகளுக்கு 3 மில்லிமீட்டர் வரையிலுமே மேடுபள்ளம் இருக்கலாம். இக்காலத்தில் விற்கப்படும் இரண்டடிக்கு இரண்டடி ஓடுகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஓடு பெரிதாகும்தோறும் தளம் மேலும் சமமாக இருக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

மேடுகள் தேய்த்துக் குறைக்கப்படுகின்றன. பள்ளங்கள் பாலிமர் சாந்தாலோ, ஊற்றியவுடன் தானே பரவிச் சமமாகும் கலவையாலோ நிரப்பப்படுகின்றன. மாடித் தளங்களில் எடையைக் கருத வேண்டும். 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள சாந்துப் படுகை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையைக் கூட்டும். மர உத்தரத்தின் மீது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த பழைய மாடித் தளங்களிலும், கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த கான்கிரீட் மாடிகளிலும் பொறியாளரின் கருத்தின்றி எடையைக் கூட்டுவது இடருக்கு இடமளிக்கும்.

நீராற்றலும் காத்திருப்பும்

சிமெண்ட் உலர்வதால் இறுகுவதில்லை. நீருடன் வினைபுரிந்து இறுகுகிறது. அவ்வினை முடியும் வரை ஈரத்தைக் காத்தல் நீராற்றல் எனப்படும். ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், வெப்பமும் வறட்சியும் உள்ள சூழலில் குறைந்தது 10 நாட்களும் நீராற்றல் வேண்டும் என்கிறது. சாம்பல் முதலியன கலந்த சிமெண்ட் வகைகளுக்கு 14 நாட்கள் வரை நீட்டிக்கப் பரிந்துரைக்கிறது. கோடையில் ஈரச் சாக்குகளைப் பரப்புவது எளிய முறை.

நீராற்றலுக்குப் பின் தளம் உலர வேண்டும். 2.5 சென்டிமீட்டர் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது ஒரு தோராயக் கணக்கு. இதன்படி 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள புதிய கான்கிரீட் உலர ஏறத்தாழ நான்கு மாதங்கள் தேவை. மரப்பலகைக்கும் வினைலுக்கும் இந்த அளவு உலர்தல் இன்றியமையாதது. சிமெண்ட் சார்ந்த பசையில் பதிக்கும் ஓடுகள் ஓரளவு ஈரத்தைத் தாங்குவதால், சுருக்கத்தின் பெரும்பகுதி அடங்குவதற்காக ஏறத்தாழ 28 நாட்கள் காத்திருப்பது பொதுவாகப் போதுமானது.

நெசவாளர் குடும்பத்துக்கு இக்காத்திருப்பே பணியின் மிகப்பெரிய செலவாகும். கூலி நெய்யும் புடவைக்கு ஏற்பக் கணக்கிடப்படுவதால், தறி நிற்கும் நாட்களில் வருவாய் இல்லை. திருமணம் போன்ற நிகழ்வுக்கு முன் வீட்டை முடிக்க வேண்டும் என்ற அவசரமும் சேரும்போது, நீராற்றல் இரண்டு நாட்களாகச் சுருங்குகிறது. அவ்வாறு மிச்சப்படுத்திய நாட்கள், ஓடு பெயர்ந்து தறியை மீண்டும் பிரிக்க நேரும்போது பன்மடங்காக இழக்கப்படுகின்றன. இழப்பைக் குறைக்கப் பின்வரும் வழிகள் உள்ளன:

- ஒரு பாவில் பொதுவாக மூன்று புடவைகள் நெய்யப்படுகின்றன. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு பிணைக்கப்படுவதற்கு முந்தைய இடைவெளியில் தளப்பணியைத் தொடங்குதல்.
- தறி இல்லாத பகுதியை முதலில் முடித்து, தறியைச் சுற்றிய பகுதியைத் தனிக் கட்டமாகச் செய்தல்.
- தறியின் அருகிலுள்ள சிறு பழுதுகளுக்கு மட்டும், விலை கூடினாலும், விரைவில் இறுகும் ஆயத்தச் சாந்தைப் பயன்படுத்துதல்.

தரைப்பொருளும் தளமும்

- சிவப்பு ஆக்சைடு தரை: தளத்தின் வெடிப்பு அப்படியே மேலே தெரியும். அடித்தளம் அசைவற்றிருக்க வேண்டும்.
- கடப்பைக் கல், கருங்கல்: தடித்த சாந்துப் படுகையில் பதிப்பதால் சிறு மேடுபள்ளங்கள் தடையல்ல. உயரமும் எடையும் கூடும்.
- செராமிக் ஓடு: பின்புறம் நீரை உறிஞ்சுவதால் சாந்துப் படுகையிலும் ஒட்டும்.
- விட்ரிஃபைடு ஓடு: நீர் உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு. வெறும் சிமெண்ட் பாலில் இது சரியாக ஒட்டாது. ஐ.எஸ். 15477 தரநிர்ணயத்துக்கு உட்பட்ட பசைக்கலவை தேவை. அப்பசை சில மில்லிமீட்டர் தடிப்பே உடையதாகையால் தளத்தின் குறைகளை மறைக்காது.
- வினைல், மரப்பலகை: ஈரத்தால் மிக விரைவில் கெடும். ஈரச் சோதனையில் தேறாத தரைமட்டத் தளங்களுக்கு ஏற்றவையல்ல.

எவ்வகைத் தரையானாலும் சுவரோரத்தில் ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடப்பட வேண்டும். வெப்பத்தில் விரியும் ஓடுகளுக்கு இடமில்லையெனில், அவை நடுவில் கூடாரம்போல் எழும்பிப் பெயரும். இவ்விடைவெளியைச் சுவரடிப் பட்டை மறைத்துவிடும்.

பட்டுக்கும் பணியாளருக்கும் பாதுகாப்பு

பட்டு ஒரு புரத இழையாகும். வலிய காரம் புரதத்தைச் சிதைக்கும். நனைந்த சிமெண்டும் அதன் தூசும் வலிய காரத்தன்மை உடையவை. ஆகவே தறியில் பாவு இருக்கும்போது தளத்தைத் தேய்ப்பதும் கலவை குழைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். தவிர்க்க இயலாதபோது தறி முழுவதையும் தாளால் மூடி ஓரங்களை அடைக்க வேண்டும். சரிகையும் பட்டு நூற்கண்டுகளும் வேறு அறைக்கு மாற்றப்பட வேண்டும். பணி முடிந்தபின் விழுது, அச்சு, ஜக்கார்டு பெட்டி ஆகியவற்றில் படிந்த தூசியைத் துடைத்த பின்னரே புதிய பாவு ஏற்றப்பட வேண்டும்.

கான்கிரீட்டைத் தேய்க்கும்போது எழும் நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து, சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்கும். நீர் தெளித்துத் தேய்த்தல், உரிய முகக்கவசம் அணிதல், வீட்டிலுள்ள குழந்தைகளையும் முதியோரையும் அப்புறப்படுத்துதல் ஆகியவை தேவை. ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும் என்பதால், கலவை சுமக்கும் சித்தாள்களுக்கும் கையுறையும் காலணியும் வேண்டும்.

கோயில் தளங்களும் சட்டமும்

மேற்கூறிய முறைகள் வீடுகளுக்கு உரியவை. காஞ்சிபுரத்தின் தொன்மையான கோயில்களுக்குப் பொருந்தா. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயில் பெரும்பகுதி மணற்கல்லால் ஆனது. சிமெண்டிலிருந்து வெளிப்படும் உப்புகள் இத்தகைய மென்கல்லின் துளைகளில் படிகமாகி அதனை உதிரச் செய்யக்கூடும். ஆகையால் இத்தகைய இடங்களில் தளத்தைச் சீரமைப்பது தொல்லியல் பாதுகாப்பு முறைகளின்படியே நடைபெற வேண்டும்.

இதன் தொடர்பில் வீட்டு உரிமையாளர்கள் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. தொன்மைச் சின்னங்கள் தொடர்பான 1958ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி, நடுவண் அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரையான பகுதி ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. அங்குள்ள கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அலுவலரின் அனுமதி தேவை. கைலாசநாதர் கோயில், வைகுந்தப் பெருமாள் கோயில் போன்றவற்றின் அருகில் வசிப்போர், தளத்தை உடைத்துத் தோண்டும் பணிக்கு முன் இதனை உறுதிசெய்துகொள்வது நல்லது.

இவற்றையும் பார்க்கவும்

- காஞ்சிபுரம்
- காஞ்சிபுரம் பட்டு
- குழித்தறி
- கான்கிரீட்
- தரையோடு
- நுண்புழை ஏற்றம்